ஒரு தாய்ப் பிள்ளைகள், பல அளவுகள்: தச்செறும்புகளைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு

தச்செறும்புச் சாரி ஒன்றைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலே ஒரு விஷயம் கண்ணில் படும். நிறம் ஒன்று, நடை ஒன்று, போகிற பாதையும் ஒன்று. அளவு மட்டும் ஒன்றில்லை. ஒன்று மெலிந்து சிறுத்து இருக்கிறது. பின்னால் வருவது அதைப் போல இரண்டு மடங்கு. எப்போதாவது தலை பருத்த ஒன்று நிதானமாக நடந்து வருகிறது. சின்னதைக் குட்டி என்றும் பெரிசை வளர்ந்தது என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உறையைக் கிழித்துக்கொண்டு முழு எறும்பாக வெளியே வந்த பிறகு எந்த எறும்பும் வளராது. சாரியில் போகும் அந்தச் சின்னது சாகும்வரை அதே அளவுதான். வயதைக் கேட்டால் சின்னது மூத்ததாகவும் பெரிசு இளையதாகவும்கூட இருக்கலாம். எல்லாமே பெண்கள், பெரும்பாலும் ஒரே ராணிக்குப் பிறந்த சகோதரிகள்.

இந்த அளவு வித்தியாசம் எதற்கு, எந்த அளவுள்ளது எந்த வேலையைச் செய்கிறது என்பதை நீங்களே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் ஒரு நோட்டும் எண்ணுகிற பழக்கமும் போதும். இதில் எண்ணுகிற பழக்கம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். நம் கண் பெரிசைத்தான் தேடிப் பிடிக்கும். சும்மா பார்த்துவிட்டு எழுந்தால் 'பெரிசு நிறைய இருந்தது' என்றுதான் மனதில் நிற்கும். எண்ணியிருந்தால் நோட்டில் கணக்கு வேறாக இருக்கும்.

யார் இந்தத் தச்செறும்பு

காம்போனோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த எறும்புகளைத்தான் தச்செறும்பு என்கிறோம். இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் குஸ்தாவ் மயர், 1861-ல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. நமக்கெல்லாம் நன்கு பழகிய கருப்புக் கட்டெறும்பும் இந்தக் குடும்பத்து ஆள்தான். அதன் அறிவியல் பெயர் காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ்.

மரத்தைக் குடைந்து கூடு கட்டுவதால் இந்தப் பெயர் வந்தது. ஆனால் மரத்தைத் தின்பதில்லை. குடைந்த தூளை வெளியே கொண்டுவந்து கொட்டிவிடும். கறையான் மரத்தைத் தின்னும், தச்செறும்பு அதில் குடியிருக்கும். எல்லா இனமும் மரத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. மண்ணுக்குள், கல்லுக்கடியில், வேருக்கு அருகில் கூடு வைப்பவையும் ஏராளம். உணவு பெரும்பாலும் இனிப்பு நீர்தான்: செடிப்பேன்கள் சுரக்கும் தேன்பனி, பூந்தேன், இலைக்காம்பில் ஊறும் சாறு. கூடவே செத்த பூச்சிகளும் வேட்டையாடிய பூச்சிகளும். இப்படி இனிப்பையே நம்பி வாழ்ந்தும் இவை தாக்குப்பிடிப்பதற்குக் குடலில் வாழும் பிளாக்மானியா என்ற பாக்டீரியா ஒரு காரணம். உணவில் குறைகிற அமினோ அமிலங்களை அது தயாரித்துக் கொடுக்கிறது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில், கடிகாரம். மேக்ரோ லென்ஸ் மாட்டிய கைப்பேசி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள். கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், பஞ்சு, இரண்டு பாட்டில் மூடிகள். இரவில் பார்ப்பதற்கு ஒரு டார்ச், அதன் முகப்பில் ஒட்ட சிவப்புக் கண்ணாடித்தாள். பெரும்பாலான எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை வெளிச்சம் அடித்தால் பல இனங்கள் பாதையை விட்டு ஓடும், சிவப்பு வெளிச்சத்தில் தம் வேலையைப் பார்க்கும். நீங்கள் பார்க்க விரும்புவது அவற்றின் வேலையைத்தான், பயத்தை அல்ல.

முதலில், அது தச்செறும்புதானா?

பக்கவாட்டில் பாருங்கள். தச்செறும்பு வேலையாளின் மார்பு முதுகு, கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வளைவாக, மேடுபள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இறங்கும். இதுதான் முதல் அடையாளம். இடுப்பில் ஒரே ஒரு கணு இருக்கும். இரண்டு கணு இருந்தால் அது வேறு வகை எறும்பு. வயிற்றின் நுனியை லென்ஸில் பார்த்தால் கொடுக்கு இருக்காது. அதற்குப் பதில் சுற்றிலும் குட்டி முடிகள் வளையமாக நிற்கும் சிறு துளை ஒன்று தெரியும். ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவது அந்தத் துளை வழியாகத்தான். முதுகில் முள் இருந்தால் அது தச்செறும்பில்லை, நெருங்கிய உறவான பாலிராக்கிஸாக இருக்கலாம்.

எறும்பு மாதிரியே நடிக்கும் குதிக்கும் சிலந்திகளும் உண்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். சாரியில் சேராமல் தனியாக, விட்டுவிட்டு நடக்கும் 'எறும்பு' ஒன்றைக் கண்டால் கால்களை எண்ணுங்கள்.

இன்னொரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. தலை பெருத்த வேலையாளைப் பார்த்து 'ராணி கிடைத்துவிட்டது' என்று சந்தோஷப்படாத புதியவர் குறைவு. தலையைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள். ராணிக்கு மார்புதான் பெரிசு. பறப்பதற்கான தசைகளைச் சுமக்க வேண்டியிருந்ததால் அது பெட்டி போல உயர்ந்து, பல தகடுகளாகப் பிரிந்து இருக்கும். இறகு உதிர்ந்த தழும்பு பக்கவாட்டில் தெரியும். நெற்றியில் மூன்று சிறு கண்களும் இருக்கும். பெரிய வேலையாளுக்கோ தலை எவ்வளவு பருத்தாலும் மார்பு அதே எளிய வளைவுதான்.

சாரியைக் கண்டுபிடித்துக் கூட்டுக்குப் போவது

பகலில் தேடி அலுத்துப் போனவர்கள் இருட்டத் தொடங்கும் நேரத்தில் வந்து பாருங்கள். தச்செறும்புகளில் நிறைய இனங்கள் இரவில்தான் சுறுசுறுப்பு. மரத்தின் அடிப்பகுதி, வேலி, சுவரின் விளிம்பு, கிடக்கும் கட்டை இவற்றை ஒட்டித்தான் பெரும்பாலும் சாரி போகும். மரத்தூள் குவிந்து கிடப்பதும் நல்ல தடயம். அந்தக் குவியலை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். வெறும் தூளோடு பூச்சிகளின் தலை, கால், இறகுத் துண்டுகளும் செத்த எறும்புகளும் கலந்திருந்தால் அது கூட்டின் குப்பைமேடு.

சாரி கிடைத்துவிட்டால் கூடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வயிற்றைப் பாருங்கள். கூட்டிலிருந்து புறப்படுவதன் வயிறு ஒடுங்கி, முழுக் கறுப்பாக இருக்கும். இனிப்பு நீர் குடித்துத் திரும்புவதன் வயிறு உப்பி, வயிற்றுத் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் இருக்கும் வெளிர் தோல் கோடு கோடாகத் தெரியும். வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் அந்தக் கோடுகள் கண்ணாடி போல ஒளி விடும். கோடு போட்ட வயிறு எந்தத் திசையில் போகிறதோ அங்கேதான் வீடு. உணவுப்பையில் சுமப்பது அதன் சொந்தச் சாப்பாடு மட்டுமில்லை, பெரும்பகுதி மற்றவர்களுக்குப் பகிர்வதற்கு.

நீங்கள் கண்டுபிடிக்கும் கூடு ஒரே கூடாக இல்லாமலும் இருக்கலாம். பல இனங்கள் தாய்க்கூடு ஒன்றையும் சுற்றுவட்டாரத்தில் கிளைக்கூடுகள் சிலவற்றையும் வைத்திருக்கும். ராணியும் முட்டையும் இளம்புழுக்களும் ஈரம் அதிகமான தாய்க்கூட்டில் இருக்கும். வளர்ந்த புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வேலையாட்களும் கிளைக்கூடுகளில் இருப்பதுண்டு. அதனால் ஒரு கூட்டைப் பார்த்துவிட்டு முழுக் கூட்டமும் இவ்வளவுதான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதல் நாள்: ஒன்றும் செய்யாதீர்கள்

பாதையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். மூச்சு அவற்றின் மேல் படக்கூடாது. மூச்சுக்காற்று அவற்றுக்கு அபாய எச்சரிக்கை போன்றது. முதல் இருபது நிமிடம் தூண்டில் உணவு, அளவு எடுப்பது எதுவும் வேண்டாம். கண்ணில் படுகிற செயல்களை மட்டும் எழுதுங்கள்: நடத்தல், நிற்றல், உணர்கொம்பைத் துடைத்தல், எதிரே வருவதைத் தொட்டுப் பார்த்தல், வாயோடு வாய் வைத்தல், சுமத்தல், வயிற்று நுனியைத் தரையில் இழுத்தல். 'கோபமாக இருந்தது', 'பேசிக்கொண்டன' என்றெல்லாம் எழுதாமல் உடம்பு செய்ததை மட்டும் எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் உங்கள் அகராதி. இனி வரும் நாட்களில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எழுத்தைக் குறியீடாக வைத்துக்கொண்டால் எழுதும் வேகம் கூடும்.

கவனிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒரே எறும்பைப் பிடித்துக்கொண்டு அது கண்ணை விட்டு மறையும்வரை பின்தொடர்வது. மற்றது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்த இடத்தை ஒரு வீச்சில் பார்த்து, அந்த நொடியில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறிப்பது. விலங்குகளைக் கவனிக்கும் இந்த முறைகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரையை இன்றும் ஆய்வாளர்கள் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒற்றை எறும்பைப் பின்தொடர்வதைத்தான். கணக்குக்கு இரண்டாவது முறை நல்லது. ஆனால் ஒரு எறும்போடு கூடவே போனால்தான் அதன் நாள் எப்படி ஓடுகிறது என்று பிடிபடும்.

அளவு எடுப்பது

வேலையாட்களை மைனர், மீடியா, மேஜர் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். சின்னது, நடுத்தரம், பெரியது. இந்தப் பிரிவு நம் வசதிக்காகத்தான். தச்செறும்புகளில் பெரும்பாலும் சின்னதிலிருந்து பெரியதுவரை இடைவெளியில்லாமல் எல்லா அளவிலும் இருக்கும். வட அமெரிக்காவின் காம்போனோட்டஸ் பென்சில்வானிகஸை எடுத்துக்கொண்டால் ஒரே கூட்டில் ஏறக்குறைய 6 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. வரை வேலையாட்கள் உண்டு. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருக்கும் ராட்சத எறும்பு ஒன்றில் சின்ன வேலையாளே 20 மி.மீ., பெரியது 28 மி.மீ. நீண்ட காலம் தச்செறும்புகளோடு சேர்த்தே வைத்திருந்த அதை 2016-ல் டைனோமிர்மெக்ஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

நீளத்தை அளக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான அறிவுரை. வயிறு சாப்பிட்டால் உப்பும், பட்டினியில் சுருங்கும். அதே எறும்பு காலையில் ஒரு நீளம், மாலையில் வேறு நீளம். தலை அப்படியில்லை. ஓடு கெட்டியானது, மாறாது. அதனால் தலையின் அகலத்தை, அது எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அங்கே, அளக்க வேண்டும். கூடவே மார்பின் நீளத்தையும் அளந்துவைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

பிடிக்காமலே அளக்கலாம். கிராஃப் தாளை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிச் சாரியின் குறுக்கே தரையோடு ஒட்டிப் போடுங்கள். முதலில் தயங்கும், விளிம்பில் நின்று உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும், சுற்றிப் போகும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அதுவரை படம் எடுக்க வேண்டாம். பழகிய பிறகு கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, சாய்க்காமல் பிடித்து, தாளைக் கடக்கிற ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். ஒவ்வொன்றையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'இது நல்ல பெரிசு, இதை எடுப்போம்' என்று பொறுக்க ஆரம்பித்தால் கணக்கு கெட்டது. ஐம்பது எறும்பாவது சேரட்டும். நூறு இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் கணினியில் படத்தைத் திறந்து கிராஃப் கட்டத்தை அளவுகோலாக வைத்துத் தலை அகலத்தை எடுக்கலாம். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். தலை தாளுக்குச் சற்று மேலே இருப்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். எல்லாப் படமும் ஒரே உயரத்திலிருந்து எடுத்திருந்தால் ஒப்பிடுவதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

இப்போது இரண்டு படம் வரையுங்கள். முதலாவதில் எந்தத் தலை அகலத்தில் எத்தனை எறும்பு என்று பட்டை போடுங்கள். சாரியில் எடுத்த கணக்கில் பெரும்பாலும் சின்ன அளவுப் பக்கம் பட்டைகள் உயர்ந்து நிற்கும், பெரிய அளவுப் பக்கம் வால் போல நீளும். சில இனங்களில் இரண்டு மேடுகள் தெரியும். மைனர், மீடியா, மேஜர் என்ற கோட்டை எங்கே போடுவது என்பதை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், மனதுக்குத் தோன்றியபடி அல்ல.

இரண்டாவது படம்தான் எனக்கு மிகப் பிடித்தது. கீழ் அச்சில் மார்பு நீளம், பக்க அச்சில் தலை அகலம். ஒவ்வொரு எறும்புக்கும் ஒரு புள்ளி. மேஜர் என்பது பெரிதாக்கிய மைனர் மட்டும்தான் என்றால் தலையும் மார்பும் ஒரே விகிதத்தில் கூட வேண்டும். அப்படிக் கூடாது. மார்பு கூடுவதைவிடத் தலை வேகமாகக் கூடும். அதனால்தான் மேஜரின் தலை உடம்புக்குப் பொருந்தாமல் தெரிகிறது. எறும்புகளில் இந்த விகித மாற்றத்தை எட்வர்ட் வில்சன் 1953-ல் இனம் இனமாக அலசினார். அதையே உங்கள் கிராஃப் தாளில் நீங்களும் காணலாம். அந்தத் தலைக்குள் அதிகம் நிரம்பியிருப்பது தாடையை மூடும் தசை. மேஜரின் தலையைப் பின்னாலிருந்து பாருங்கள், நடுவில் குழிந்து இருபுறமும் புடைத்திருக்கும். கடிக்கும் பலம் அங்கிருந்து வருகிறது.

தூண்டில் வைத்துப் பார்ப்பது

சாரியிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டு மூடிகளை வையுங்கள். ஒன்றில் ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைக்க வேண்டும். மற்றதில் செத்த பூச்சி, அல்லது அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மூடியிலும் மைனர் எத்தனை, மீடியா எத்தனை, மேஜர் எத்தனை என்று எழுதுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

முதலில் கண்டுபிடிக்கிற எறும்பை விடாதீர்கள். பஞ்சில் வாயை வைத்தபடி அசையாமல் நிற்கும். வயிறு மெல்ல உப்பி, வெளிர் கோடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பின் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்ளும். முன்னங்காலில் சீப்பு போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது, உணர்கொம்பை அதற்குள் விட்டு அடியிலிருந்து நுனிவரை இழுக்கும். இழுத்த காலை வாயில் விட்டு நக்கிச் சுத்தம் செய்யும். இதை லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அது முடிந்ததும் திரும்பும். சில இனங்களில் வயிற்று நுனி தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும், மணத்தடம் போடுகிறது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் கூட்டாளிகள் வருவார்கள்.

வரும் விதம் இனத்துக்கு இனம் வேறுபடும். காம்போனோட்டஸ் செரிசியஸ் ஒரே ஒரு துணையைத்தான் கூட்டிக்கொண்டு வரும். பின்னால் வருவது முன்னால் போவதன் வயிற்றையும் பின்காலையும் உணர்கொம்பால் தொட்டபடியே நடக்கும். தொடுதல் அறுந்தால் முன்னால் போவது நின்றுவிடும், மறுபடி தொட்டதும் நடக்கும். எறும்பு ஆய்வாளர் ஹோல்டோப்ளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1974-ல் இதை விரிவாக எழுதினார்கள். உங்கள் சாரியில் இரண்டு எறும்புகள் இப்படி ஒட்டிக்கொண்டு போவதைக் கண்டால் இடையில் கையை நீட்டாமல் விட்டுவிடுங்கள்.

அளவுக் கணக்கு சுவாரசியமாவது இங்கேதான். சர்க்கரைப் பஞ்சில் பெரும்பாலும் மைனரும் மீடியாவும்தான் மொய்க்கும். பெரிய பூச்சி ஒன்று கிடந்து அதை வெட்ட வேண்டி வந்தால் மேஜர் வருகிறதா, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆனால் 'மேஜர் என்றால் சிப்பாய்' என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பல தச்செறும்பு இனங்களில் மேஜர்கள் கூட்டுக்குள் இனிப்பு நீரை வயிற்றில் தேக்கிவைக்கும் வேலையையும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் காம்போனோட்டஸ் இன்ஃப்ளேட்டஸில் இப்படித் தேக்குபவற்றின் வயிறு உருண்டையாக வீங்கி, நடக்கவே முடியாத அளவுக்குப் போய்விடும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். சாரியில் நீங்கள் எண்ணியது கூட்டத்தின் கணக்கு இல்லை, வெளியே வருகிறவர்களின் கணக்கு. மேஜர்களில் கணிசமானவை வீட்டுக்குள்ளேயே இருக்கும். உள்ளே இருப்பவற்றைக் கொஞ்சம் பார்க்க ஒரு வழி உண்டு: கூட்டு வாசலில் ஒரே ஒரு முறை மெதுவாக ஊதுங்கள். வாசலுக்கு ஓடி வருபவற்றைப் படம் எடுத்து அளவுகளைச் சாரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தாடையை விரித்து, வயிற்றைக் கால்களுக்கு இடையே முன்னால் மடித்து நிற்பது அமிலம் பீய்ச்சத் தயாரான நிலை. முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள், கண்ணில் பட்டால் எரியும். மரத்துக்குள் இருக்கும் கூடு என்றால் வாசலிலிருந்து விலகி, மரத்தின் அருகில் காதை வைத்துக் கேளுங்கள். அபாயம் என்றால் தாடையாலும் வயிற்றாலும் மரத்தைத் தட்டிச் செய்தி அனுப்பும் இனங்கள் இருக்கின்றன. ஊதுவதை ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் அவை புழுக்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகின்றன.

கண்டால் நின்று பார்க்க வேண்டிய சில

வாயோடு வாய் வைத்து உணவு கொடுப்பது. யார் கேட்கிறது, யார் கொடுக்கிறது என்பதைக் குறியுங்கள். கேட்பது கொடுப்பதன் முகத்தை உணர்கொம்பாலும் முன்னங்காலாலும் வேகமாகத் தட்டும். கொடுப்பதன் தாடை அகல விரிந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி பளபளக்கும்.

ஒரு எறும்பு இன்னொரு எறும்பைச் சுமந்து போவது. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சுமக்கப்படுவது கால்களையும் உணர்கொம்பையும் மடக்கிச் சுருண்டு, அசையாமல் இருந்தால் அது இடமாற்றம். கூடு மாறும்போது இது நிறைய நடக்கும். இதிலும் எந்த அளவு எந்த அளவைச் சுமக்கிறது என்று எழுதுங்கள்.

செடிப்பேன் மேய்ப்பதும் அப்படித்தான். உணர்கொம்பால் பேனை வருடி, வெளிவரும் துளியை வாங்கும். ஒரே எறும்பு ஒரே தண்டில் மணிக்கணக்கில் காவல் இருப்பதுண்டு.

காலொடிந்த எறும்பைக் கண்டால் அதைச் சுற்றி நடப்பதைக் கவனியுங்கள். ஃபுளோரிடாவில் வாழும் காம்போனோட்டஸ் ஃபுளோரிடானஸ் பற்றி 2024-ல் வந்த ஆய்வு என்னை அசத்திவிட்டது. தொடையில் காயம்பட்ட சகோதரியின் காலை மற்றவை அடியோடு கடித்து அகற்றிவிடுகின்றன. காயம் அதற்குக் கீழே, காலின் கீழ்ப்பகுதியில் பட்டிருந்தால் வெட்டுவதில்லை, நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி. காரணம் இல்லாமல் இல்லை. கீழ்க்காயத்தில் கிருமி உடம்புக்குள் சீக்கிரம் ஏறிவிடும், வெட்டி முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். தொடைக் காயத்தில் அவகாசம் இருக்கிறது.

இலையின் அடிநரம்பைத் தாடையால் கவ்வியபடி செத்துக் கிடக்கும் எறும்பைக் காட்டுப்பகுதிகளில் காணலாம். தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தண்டு முளைத்திருந்தால் அது ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

அடையாளம் வைப்பது

ஒரே எறும்பு நாளைக்கும் அதே வேலையைச் செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் புள்ளி வைத்தாக வேண்டும். பழைய வழிதான் இது. ஜான் லப்பக் 19-ஆம் நூற்றாண்டிலேயே எறும்புகளுக்குச் சாயப் புள்ளி வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார். நச்சில்லாத, தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் சாயத்தை ஊசிமுனையில் தொட்டு, இனிப்பு குடித்துக்கொண்டு நிற்கும்போது வயிற்றின் மேல்பக்கம் ஒரு சிறு புள்ளி. குடிக்கும்போது அவை அசைவதில்லை என்பதால் பிடிக்கத் தேவையில்லை. கண், உணர்கொம்பு, கால்மூட்டு, வயிற்றின் பக்கத்துளைகள் எதிலும் சாயம் படக்கூடாது. மைனருக்கு ஒரு நிறம், மேஜருக்கு ஒரு நிறம் என்று வைத்தால் அடுத்த நாள் பார்த்ததும் கணக்கு வந்துவிடும்.

அளவு எங்கே தீர்மானமாகிறது

முட்டையில் இல்லை, பெரும்பாலும் புழுப் பருவத்தில். எந்தப் புழுவுக்கு எவ்வளவு தீனி, எப்படிப்பட்ட தீனி, எவ்வளவு காலம் கிடைத்தது, கூட்டம் எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் சேர்ந்துதான் வெளியே வருவது சின்னதா பெரிசா என்பதைத் தீர்மானிக்கிறது. வேலையும் உடம்பளவோடு இறுகக் கட்டிப்போட்டதல்ல. ஃபுளோரிடானஸ் இனத்தில் மேஜர்கள் வெளியே இரை தேடப் போவது அரிது. இளம் மேஜர்களின் மூளைக்குள், மரபணுக்கள் இயங்குவதை மாற்றும் ஒரு மருந்தைச் செலுத்தியபோது அவை மைனர்களைப் போல இரை தேடக் கிளம்பின. 2016-ல் வெளியான முடிவு இது. அதனால் உங்கள் நோட்டில் மேஜர் ஒன்று மைனர் வேலையைச் செய்வதாகப் பதிவானால் அதை அடித்துவிடாதீர்கள், அதுவும் தகவல்தான்.

ஒரு ராணியிலிருந்து தொடங்குவது

வெளியே பார்த்துப் பழகியவர்கள் அடுத்து இதற்கு வரலாம். முதல் படியாக வேண்டாம். ராணி எறும்பை விலைக்கு வாங்குவதையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதையும் நான் ஏற்பதில்லை. ஓரிடத்து எறும்பு இன்னோரிடத்தில் பரவினால் திரும்ப எடுக்க வழியில்லை. பல நாடுகளில் சட்டப்படி தவறும்கூட. 2025-ல் கென்யாவில் ஆயிரக்கணக்கான ராணி எறும்புகளைக் கடத்த முயன்றவர்களுக்கு நீதிமன்றம் பெருந்தொகை அபராதம் விதித்தது. உங்கள் இடத்து விதியைக் கேட்டுக்கொண்டு, உங்கள் இடத்திலேயே கலவிப் பறத்தல் முடிந்து இறகு உதிர்த்துத் தரையில் அலையும் ராணி ஒன்று கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயிலும் பஞ்சு. குழாயை ஆடாத இருட்டு இடத்தில் வையுங்கள். சாப்பாடு வேண்டாம். இனிப் பயன்படாத பறக்கும் தசைகளைக் கரைத்துத்தான் ராணி முதல் பிள்ளைகளை வளர்க்கும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுத்துப் பார்த்தால் முட்டையைத் தானே தின்றுவிடும் வாய்ப்பு உண்டு. முட்டை முழு எறும்பாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகலாம், வெப்பநிலையைப் பொறுத்துக் கூடும், குறையும். பழுப்பு நிற நீள்வட்ட உறைகளைக் கண்டு முட்டை என்று எழுதிவிடாதீர்கள், அவை கூட்டுப்புழுக்கள்.

முதலில் வருபவை எல்லாம் பொடிசுகளாகத்தான் இருக்கும், சாதாரண மைனரைவிடவும் சின்னதாக. கையிருப்பு குறைவு, ஆள் சீக்கிரம் வேண்டும் என்பதால் ராணி வளர்ப்பது சின்னவர்களை மட்டும்தான். அவை வந்ததும் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டும் பூச்சித் துண்டு ஒன்றும் கொடுக்கத் தொடங்குங்கள். மேஜர் வருவது கூட்டம் பெருகிய பிறகுதான், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மாதம் ஒரு நாள் குழாயின் கீழே கிராஃப் தாளை வைத்து எல்லாவற்றின் தலை அகலத்தையும் அளந்து எழுதிவாருங்கள். தலை பருத்த முதல் வேலையாள் வந்த தேதியையும், அன்றைக்குக் கூட்டத்தில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.